வண்டிப்பெரியாரில் விட்டுப்போன ஒரு பேட்டி

ராக் இசைக்காரர்களைப் பேட்டி எடுக்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அவர்களுக்கும் பசிக்கும் என்பது. மேடையில் அவ்வளவு நேரம் குதித்து, கத்தி, தலையைச் சுழற்றிவிட்டு இறங்கி வருகிறவனிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. வந்தாலும் நன்றாக இருக்காது. நான் முதலில் சோறு போடுவேன். சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது எப்பேர்ப்பட்ட முடி வளர்த்தவனும் யாரோ ஒருத்தர் வீட்டுப் பிள்ளையாக ஆகிவிடுவான். அப்போது கேட்டால் எல்லாம் சொல்வான்.

எனக்கு ஊர் பாலக்காட்டு எல்லையில் மீனாட்சிபுரம். ஆறு மாடு, கொஞ்சம் தென்னை. படிப்பு மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் ஆகும். ஆனாலும் எங்கள் பக்கத்தில் வருகிற எட்டுப் பக்க மாதப் பத்திரிகைக்கு நான்தான் நிருபர். அதை நடத்துகிற பஷீர் பாய்க்குக் கொழிஞ்சாம்பாறையில் துணிக்கடை. கடைக்குப் பின்னால் அச்சகம். நான் போய்ச் சொல்வேன், அவர் கம்ப்யூட்டரில் அடிப்பார். எந்தக் கிணறு வற்றியது, எந்த வீட்டில் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டிருந்தவளை, இளைஞர் மன்ற ஆண்டு விழாவுக்கு வந்த ஒரு ராக் குழுவிடம் அவர்தான் அனுப்பிவைத்தார். போக வேண்டிய ஆளுக்கு அன்று காய்ச்சல். அதிலிருந்து எங்கள் பக்கத்தில் யார் கிட்டாரைத் தூக்கினாலும் அது என் பொறுப்பாகிவிட்டது.

கோயமுத்தூரிலிருந்து வந்த ஒரு பையன் கடைசிப் பாட்டில் கிட்டாரைத் தரையில் அடித்து உடைத்தான் என்று கேள்விப்பட்டேன். அவன் சாப்பிட்டு முடித்ததும், "பிடிக்கலீன்னா வாங்குன கடையிலயே திருப்பிக் குடுத்திருக்கலாமே கண்ணு" என்றேன். பக்கத்தில் நகர்ந்து வந்து, "ஒடைக்கறதுக்குன்னே பழசு ஒண்ணு தனியா கொண்டாருவோமுங்க" என்று ரகசியமாகச் சொன்னான். அப்படியே போட்டோம். அவன் அப்புறம் எங்கள் பக்கம் வரவில்லை.

பாலக்காட்டுக் கோயில் தெருப் பையன் ஒருவன், "மாமி, ஆத்துல வீணை கிளாஸ்னு சொல்லிண்டு வந்திருக்கேன். அப்பா பேரைப் போட்டுடாதீங்கோ" என்று கெஞ்சினான். நான் எந்தப் பேட்டியையும் ஊர், தாய் தகப்பன் பெயர், கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்று சொல்லித்தான் முடிப்பேன். எங்கள் வாசகர்கள் கடைசி வரியை முதலில் படித்துவிட்டுத்தான் மேலே போவார்கள். அதனால் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் அப்பாவே பஷீர் பாய் கடைக்கு வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தோம். "ரெண்டாவது பாட்டுல அவன் தாளத்தை விட்டுட்டு ஓடறான். நான் பின்னாடி நின்னு கேட்டுண்டுதான் இருந்தேன். உங்க நிருபர் அதைப் பத்தி ஒண்ணுமே எழுதலையே" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? நான் பாட்டைக் கேட்டால்தானே. நிகழ்ச்சி நடக்கிற நேரம் மாடு கறக்கிற நேரம். கறந்து, பாலை சொசைட்டியில் ஊற்றிவிட்டு, அவர்கள் இறங்கி வருகிற சமயத்துக்குச் சோற்றோடு போய் நிற்பேன். பேட்டி எடுக்கிறவள் பாட்டையும் கேட்க வேண்டும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வண்டிப்பெரியார் எஸ்டேட் பிள்ளைகளின் குழு எங்கள் ஊரில் வந்து வாசித்தது. பாடுகிறவன் அருள், குமுளியில் ஜீப் ஓட்டுகிறவன். நல்ல பிள்ளை, கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். கல்யாணம் ஆயிற்றா என்றதற்குத் தலையைச் சொறிந்து, "இப்பத்திக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றான். பத்திரிகை அனுப்பிவைக்கிறேன் என்று போன் நம்பரையும் வாங்கிக்கொண்டேன். கடைசி வரியில், 'பெண் கொடுக்க விரும்புவோர் அழைக்கலாம்' என்று சொல்லி, அந்த நம்பரைப் போடச் சொன்னேன்.

பத்திரிகை போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து அருள் போன் செய்தான். குரல் செத்துப்போயிருந்தது. "அம்மா, ஜெசிந்தா கோவிச்சுக்கிட்டா. சனிக்கெழம கோட்டயத்துல காலேஜ் மேடை. எங்களுக்கு மொத பெரிய மேடை. அவ வரலேன்னா நிகழ்ச்சியே கெடையாது. கேட்டா, அந்தம்மா எழுதுனதப் படிச்சுப் பாருங்குறா. நான் படிச்சேன், கடைசி வரியத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியல."

ஜெசிந்தா யாரென்று நினைவுக்குக் கொண்டுவந்தேன். குழுவோடு வந்திருந்த ஒல்லியான பெண், நான் மோர்ச்சட்டியைக் கொடுத்ததும் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தவள். சரி, பையனுக்கு மனதில் ஆள் இருந்திருக்கிறது, நான் ஊரைக் கூட்டிப் பெண் தேடிவிட்டேன், அவள் முகம் பார்க்காமல் இவனுக்குப் பாட்டு வராது போலிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். போனில் சொல்லிவிடலாமென்றால் அந்தப் பெண் எடுக்கவில்லை.

பஷீர் பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அந்த வரி வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன் அக்கா. நீங்க கேக்கல. இப்ப நீங்களே போய்ட்டு வாங்க."

"ஏனுங்க பாய், அச்சடிச்சது நீங்கதானுங்களே."

"எனக்குக் கடை இருக்கு. உங்களுக்குத்தான் வாய் இருக்கு."

புதன்கிழமை காலையில் மாடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, ஒரு தூக்குப் போசியில் நெய்யோடு கிளம்பினேன். கேரளத்தில் பஸ் ஏறி, பகல் முழுக்கத் தமிழ்நாட்டுக்குள் போய், மறுபடி கேரளத்தில் இறங்குகிற பயணம் இது. பொள்ளாச்சி தாண்டினதும் கையிலிருந்த மலையாளத்தை மடித்து வைத்துவிட்டேன், குமுளி வரைக்கும் தேவைப்படாது.

பழனிக்கு அந்தப் பக்கம் ஒரு வேகத்தடையில் பஸ் எகிறியது. போசியின் மூடி திறந்துகொண்டது. பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்தவரின் வெள்ளை வேட்டியில் முக்கால் கையகலத்துக்கு நெய். அவர் கண்விழித்து, முகர்ந்து பார்த்து, "பசு நெய்யா, எருமையா?" என்று கேட்டார். பசு என்றேன். "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார். இவ்வளவு நல்ல மனிதரை எந்தப் பத்திரிகையும் பேட்டி எடுக்காது.

அன்று இரவு மலையடிவாரத்தில், கம்பத்தில் அறை எடுத்துத் தங்கினேன். வழியில் பன்னீர் திராட்சை வாங்கினேன். கொட்டையைத் துப்ப இடமில்லாமல் முழுங்கினேன். அறைக்காரம்மா, "தனியாவா வந்தீக? சாமி கும்பிடவா, சொந்தக்காரங்களப் பாக்கவா?" என்றாள். பேட்டி விஷயம் என்றேன். என்னை ஒரு தரம் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். அப்புறம் கேட்காமலே வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

வியாழக்கிழமை விடியும்போது ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு மலை ஏறுகிற பெண்களோடு பஸ்ஸில் போனேன். தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி, வளைவுக்கு வளைவு கதை. எனக்கு ஒவ்வொரு வளைவிலும் வயிறு மேலே வந்தது. எதிரே இருந்தவள் ஒரு பச்சை ஏலக்காயை என் வாயில் போட்டு, "மெல்லுங்க, பேசாதீக" என்றாள். பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லை என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

குமுளியில் தமிழ்நாட்டு பஸ் எல்லையோடு நின்றுவிடும். இறங்கி, நடந்து, கேரளத்துக்குள் போக வேண்டும். அந்த நூறடிக்குள் டீக்கடைப் பலகை மாறுகிறது, பஸ்ஸின் நிறம் மாறுகிறது, டீயில் பால் குறைகிறது. ஒரு கடையில் இரண்டு மலையாளக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "இந்த முறை மழை சரியாகப் பெய்யவில்லை" என்றார் ஒருவர். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. "இது மழையா?" என்றார் மற்றவர். எங்கள் மீனாட்சிபுரத்தில் இந்த மழை பெய்தால் பள்ளிக்கூடம் விட்டுவிடுவார்கள்.

அருள் ஜீப்போடு வந்து நின்றான். கதவு உள்பக்கம் கயிற்றால் கட்டியிருந்தது. "பிடிச்சுக்கிடுங்கம்மா, அது தானா தெறக்கும்" என்றான். வண்டிப்பெரியார் வரைக்கும் ஒரு கையால் கதவையும் ஒரு கையால் போசியையும் பிடித்துக்கொண்டு வந்தேன். இரண்டு பக்கமும் தேயிலை. சீப்பு வைத்து வாரிவிட்ட மாதிரி அவ்வளவு ஒழுங்கு. எனக்குப் பார்க்கப் பார்க்க மாட்டுக்கு ஆகாத பச்சை என்றுதான் தோன்றியது.

"எனக்கு எத்தன போன் வந்துச்சு தெரியுமாம்மா? ஒருத்தரு, மாடு எத்தன இருக்குன்னு கேட்டாரு. ஜீப்பு இருக்குன்னேன். பால் கறக்குமான்னாரு."

"எங்கூர்க்காரரு நாயமாத்தானே கேட்டிருக்காரு" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. சனிக்கிழமை அவனை எவ்வளவு அழுத்துகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜெசிந்தா கடைவீதியில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறாள். அருள் தூரத்திலேயே இறக்கிவிட்டுவிட்டான். அவள் என்னைப் பார்த்ததும், "ரீசார்ஜா, கவரா?" என்றாள். நான் பெயரைச் சொல்லத் தொடங்குவதற்குள், "தெரியும். மீனாட்சிபுரம் நிருபரம்மா. மோர் நல்லாருந்துச்சு" என்றாள்.

நான் சொல்ல வந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அந்த வரி அருள் கேட்டுப் போட்டதல்ல, நம்பரும் வேறு காரணத்துக்கு வாங்கினது, தப்பு முழுக்க என்னுடையது. வேறு யாரிடமும் இப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

அவள் சிரித்தாள். "அதுவா? அதுக்கு நான் ரெண்டு நாளு சிரிச்சேன். பால் கறக்கற ஜீப்புன்னு அவனக் கூப்பிட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். அதுக்கா மலையேறி வந்தீக?"

"அப்பறம் எதுக்கு அம்மிணி கோவம்?"

அவள் மேசையடியிலிருந்து எங்கள் பத்திரிகையை எடுத்து விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தாள். "படிங்க."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'டிரம்ஸ் வாசிக்கும் மோசஸின் கை இடி போன்றது.'

"மோசஸ் பேஸ் கிட்டார்" என்றாள். "டிரம்ஸ் நான்."

கடையில் யாரோ ஒரு சார்ஜர் கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிற வரைக்கும் நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாப்பிடும்போது அந்தப் பையன் தட்டின் விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து நானே முடிவு கட்டிவிட்டேன். பெண்பிள்ளை கூட வந்திருக்கிறாள் என்றால் யாருக்கோ தங்கச்சியாக இருக்கும் என்று அதையும் நானே முடிவு கட்டிவிட்டேன். மேடையை ஒரு தரம் எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

"ஏன் அம்மிணி அன்னைக்கே சொல்லல?"

"மோர்ச்சட்டியக் கையில குடுத்துட்டீகளே. கீழ வச்சுட்டு, நான் டிரம்ஸ் வாசிக்கவன்னு சொல்லவா? எல்லாரும் பசியா இருந்தாக." பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "உங்கள விடுங்க, நீங்க யாரோ. அருளு அத லேமினேட் பண்ணி ஜீப்புல மாட்டிருக்கான். தெனம் அது மொகத்துலதான் முழிக்கான். நாலு பேரு வாசிச்சோம், அதுல மூணு பேருதான் போட்டிருக்குன்னு ஒரு நாளாச்சும் அவனுக்குத் தெரிஞ்சிச்சா?" என்றாள்.

"மறுப்புப் போடறேன்" என்றேன். எங்கள் பத்திரிகையில் இதுவரை மறுப்பு வந்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

"மறுப்ப எவன் படிக்கான்? கேள்வி கேளுங்க. மத்தவங்ககிட்டக் கேட்ட மாதிரி. நாளைக்கு எனக்கு லீவு, லயத்துக்கு வாங்க."

"சனிக்கெழம?"

"அது நாளைக்குப் பாப்பம்."

வெள்ளிக்கிழமை காலையில் லயத்துக்குப் போனேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எஸ்டேட் வீடுகள். அவள் அம்மா கொழுந்து எடுக்கப் போவதற்கு முன் கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு, வேகவைத்து, காந்தாரி மிளகாய் அரைத்து வைத்திருந்தார். மீதியிருந்த நெய்யைக் கொடுத்தேன். "கப்பைக்கு யாரும் நெய் ஊத்த மாட்டாகளே" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். பிறகு கட்டஞ்சாயா. பாலில்லாத டீயை ஒரு பால்காரி குடிக்கிற வேதனை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டேன்.

"டீய நீங்க ஊத்துங்க" என்றாள் ஜெசிந்தா. ஊற்றினேன்.

சாப்பிட்டு முடித்ததும் கேட்கத் தொடங்கினேன். "அம்மா கொழுந்து வெட்டுற கத்திரிச் சத்தத்தக் கேட்டுத்தான் தாளம் வந்துதாக்கும்?"

"டிவில இருந்து ஒருத்தரு வந்தாரு, அவரும் இதத்தான் கேட்டாரு. இல்லம்மா. எனக்குக் கோவம் வரும். சர்ச்சுல ஒரு டிரம்ஸு துணி போட்டு மூடிக் கெடந்துச்சு. ஒரு நா அதப் போட்டு அடிச்சேன். அன்னைக்குச் சோறு நல்லா எறங்குச்சு."

"என்ன கோவம்?"

"இப்ப நீங்க எதுக்கு வந்துருக்கீகளோ, அந்த மாதிரி கோவந்தான்."

அவள் அம்மா வாசலில் நின்றபடியே, "சின்னதுல இருந்தே அவ அப்பிடித்தான். எழுதிக்கிடுங்க" என்றார்.

"ஆமா, எழுதிக்கிடுங்க" என்றாள் மகள். "மனசுல வச்சீகன்னா ஊர் போய்ச் சேரதுக்குள்ள மோசஸுக்குப் போயிரும்."

நான் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வதில்லை. அவள் பள்ளிக்கூட நோட்டு ஒன்றின் பின்பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தாள். என் கைப்பட எழுதினேன். பெயரை எழுத, டிரம்ஸ் என்று எழுத, நான்கு வரி எழுத, டீ ஆறி இன்னொரு டீ வந்தது. அவள் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு வரியையும் தலைகீழாகவே படித்துச் சரிபார்த்துக்கொண்டாள்.

பிறகு எழுந்து, "பாட்டக் கேக்காமத்தான் எழுதுவீகளாமே, அருளு சொன்னான். வாங்க" என்றாள்.

லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. டிரம்ஸ் அங்கே இருந்தது. என்னைப் பக்கத்திலேயே ஒரு பலகையில் உட்காரவைத்தாள். முதல் அடியில் பலகை அதிர்ந்து என் இடுப்புக்கு ஏறியது. தகரத்தில் ஒட்டியிருந்த மழைத்துளிகள் உதிர்ந்தன. எங்கள் வீட்டுத் தீவனம் வெட்டுகிற இயந்திரம் இதைவிடச் சத்தம் போடும், அதனால் சத்தத்துக்கு நான் பயப்படவில்லை. பயந்தது அவள் முகத்தைப் பார்த்து. நேற்று கடையில் சார்ஜர் எடுத்துக் கொடுத்த பெண் அங்கே இல்லை. இரண்டு கையும் இரண்டு காலும் நாலு பேருடையவை மாதிரி வேலை செய்தன. ஆனால் நாலு பேரும் சண்டை போடாமல் ஒரே வீட்டில் இருந்தார்கள். இடையில் திடீரென்று நிறுத்துவாள். அந்த நிறுத்தத்தில் எனக்கு மூச்சு நிற்கும். அடுத்த அடி எங்கே விழும் என்று காத்திருந்து, விழுந்ததும் நானே வைத்த மாதிரி ஒரு சந்தோஷம்.

முடித்துவிட்டு நெற்றியைத் துடைத்தாள். "எப்பிடி?"

"இதுக்கு முன்னாடி போட்ட பேட்டியெல்லாம் ஆரு கேட்டு எழுதுனதுன்னு தெரியல அம்மிணி" என்றேன். "நான் எழுதுனதில்ல."

அவள் குச்சிகளைப் பையில் போட்டாள். "சனிக்கெழம போவேன். உங்களுக்காக இல்ல, அவனுக்காகவும் இல்ல. அந்த மேடைக்கு நாலு மாசமா அடிச்சுப் பழகுனது நான். அவன்ட்ட நீங்களே சொல்லிருங்க. என் வாயால சொல்ல மாட்டேன்."

அருள் கீழே ரோட்டோரத்தில் ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் இறங்கினான்.

"நாளைக்கு வாராளாம்."

அவன் ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டான். "எம்மேல கோவம் போயிருச்சாம்மா?" என்றான்.

கண்ணாடிக்கு மேலே, முந்தின நாள் கதவைப் பிடித்த பிடியில் நான் கவனிக்காத எங்கள் பத்திரிகைத் துண்டு, அட்டையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "அதப் படி கண்ணு" என்றேன். "கடைசி வரிய உட்டுட்டு. ஆரு ஆரு வாசிச்சீங்கன்னு மட்டும் படி."

படித்தான். உதடு அசைந்தது. மோசஸின் கையைப் பற்றிய வரியில் நின்றது. திரும்பவும் மேலிருந்து படித்தான். பிறகு கையை நீட்டி அதைக் கழற்றினான். கயிறு கட்டிய கதவு தானாகத் திறந்துகொண்டது, அவன் மூடவில்லை.

"நான் இத எத்தனையோ பேருக்குக் காட்டிருக்கேம்மா."

"தப்பு என்னுது. அத நான் அச்சுல சொல்றேன். நீ பாக்காம உட்டது உன்னுது."

"நீங்களும் கூட வாங்கம்மா. நீங்க சொன்னா கேப்பா."

"நான் நிருபர் கண்ணு. தரகு வேல பாத்து ஒருக்கா பட்டது போதும்."

அவன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு லயத்துப் பாதையில் ஏறினான். பாதி தூரத்தில் நின்றான். திரும்பிவிடுவான் என்று நினைத்தேன். செருப்பில் ஒட்டிய சேற்றை ஒரு கல்லில் தேய்த்துவிட்டு மறுபடி ஏறினான். அதற்குள் குமுளி பஸ் வந்துவிட்டது. அடுத்த பஸ்ஸில் போயிருக்கலாம். நான் ஏறிக்கொண்டேன்.

சனிக்கிழமை கோட்டயத்தில் நான்கு பேரும் வாசித்தார்கள். டிரம்ஸ் ஜெசிந்தா, பேஸ் கிட்டார் மோசஸ். என் கையெழுத்தில் இருந்ததைப் பஷீர் பாய் ஒரு எழுத்து மாற்றாமல் முதல் பக்கத்தில் போட்டார். அன்று லயத்துக்கு ஏறிப் போய் அவன் என்ன சொன்னான், அவள் என்ன சொன்னாள் என்று ஊரில் எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். ஜெசிந்தா இரண்டு முறை போன் செய்தாள், கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.